நபீஸா ராத்தாவின் மூச்சு

ஏறாவூரில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் கடைசி இரண்டு வளவுகளும் எங்கள் உம்மா எங்களுக்குப் பிரித்துத் தந்தவை. ஒன்றில் நான் இருக்கிறேன். மற்றதில் என் ராத்தா, எனக்கு மூத்தவள், நபீஸா இருக்கிறாள். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை கையில் ஒரு பெட்டியோடு வந்து குடியேறுவார். என் மாப்பிள்ளையின் பெட்டியில் நாலு சட்டையும் ஒரு சென்ட் போத்தலும் இருந்தன. ராத்தாவின் மாப்பிள்ளை உசனார் மச்சான் ஆளுயர இரும்புக் குழல்கள் இரண்டைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கலியாண வீட்டில் அதைக் கண்டவர்கள், குழாய்க் கிணறு அடிக்க வந்தவரா மாப்பிள்ளை என்று கேட்டுச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அது கண்ணாடி ஊதுகிற குழல் என்று பிறகுதான் தெரிந்தது. மச்சான் ஷார்ஜாவில் ஒரு எகிப்துக்காரரின் பட்டறையில் வேலை செய்தவர். உலைக்குள் உருகிக் கிடக்கும் கண்ணாடியைக் குழலின் நுனியில் தேன் எடுப்பது போலச் சுற்றி எடுத்து, உருட்டி, ஊதி, லாம்புச் சிமினியும் பூச்சாடியும் செய்கிற வேலை. அவருடைய கை அப்படியொரு கை. ஆனால் சின்ன வயதிலிருந்தே தொய்வு. மாரி வந்துவிட்டால் மூச்சு இழுத்து இழுத்து, படுக்க முடியாமல் கதிரையில் இருந்தே விடிய வைப்பார். கண்ணாடி ஊதுகிறவனுக்கு மூச்சில்லை என்றால் என்ன செய்வது? எகிப்துக்காரர் அவரை வாங்குப் பலகையில் இருத்தி உருட்டவும் வடிக்கவும் விட்டுவிட்டு, ஊதுவதற்கு வேறோர் ஆளை வைத்திருந்தாராம்.

ஊருக்கு வந்து கலியாணம் பேசியபோது, பெண்ணின் நிறம், குணம், குடி எல்லாவற்றையும் தரகர் அடுக்கியிருக்கிறார். மச்சானின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். ஈர விறகையும் ஒரே ஊதில் பற்றவைப்பாள் என்று சொன்னது. ராத்தாவின் மூச்சு உண்மையிலேயே அப்படி. சிறுபிள்ளைகளாய் வாவியில் குளிக்கும்போது அவள் தண்ணீருக்குள் போனால், நான் கரையில் நின்று அழத் தொடங்கி, அழுது முடித்து, கோபமும் வந்த பிறகுதான் மேலே வருவாள். அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அடுப்பூதுவதே ஒருத்திக்குத் தொழிலாகும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வளவின் வாவிப் பக்க மூலையில் தகரக் கொட்டில் போட்டு மச்சான் உலை கட்டினார். கராஜ்களில் கழித்துவிடும் பழைய எஞ்சின் எண்ணெயில் எரியும் உலை. உள்ளே ஒரு பெரிய மண் சட்டி. அதற்குள் உடைத்த போத்தல்கள் இரவும் பகலும் உருகிக் கிடக்கும். உலையை அணைக்கக் கூடாது. அணைத்தால் கண்ணாடி இறுகிச் சட்டி வெடித்துவிடும். ஆகவே அந்த வீட்டில் நெருப்பும் ஒரு பிள்ளை மாதிரித்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாருமாய் ஓரிடம் போகிற பேச்சே இல்லை. என் மகளின் கலியாணத்துக்குக்கூடப் புருஷனும் பெண்சாதியும் மாறி மாறித்தான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனவருத்தம் உண்டு.

போத்தல்கள் பாசிக்குடாப் பக்க ஹோட்டல்களிலிருந்து வந்தன. அத்தனையும் சாராயமும் பியரும் குடித்து முடித்த போத்தல்கள். ஐந்து நேரமும் தொழுகிற வீட்டின் வாசலில் அந்தக் குவியலைக் கண்டுவிட்டு, ராத்தாவின் ஒரே மகள் ஸஹீதாவைப் பெண் பார்க்க வந்த முதல் கூட்டம் கேற்றடியிலேயே திரும்பிப் போனது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் வெட்கத்தில் அழுதேன். மச்சான் அலட்டிக்கொள்ளவில்லை. நெருப்புக்குள் போய் வந்த பொருளிடம் பழைய கதை கேட்கக் கூடாது என்றார். அடுத்ததாக வந்த கூட்டத்தில் றிஸான் இருந்தான். டயர் கடைக்காரன். அவன் போத்தல் குவியலையும் பார்க்கவில்லை, பெண்ணையும் சரியாகப் பார்க்கவில்லை. உலையை வாய் பிளந்து பார்த்தபடி நின்றான். அப்படித்தான் மருமகனானான்.

நான் தையல்காரி. என் மெஷினை அவர்களின் கொட்டில் தெரிகிற ஜன்னலடியில்தான் போட்டிருக்கிறேன். மச்சான் வாங்கில் இருப்பார். வாங்கின் இரண்டு பக்கச் சட்டங்களிலும் குழலைக் கிடத்தி, இடக்கையால் உருட்டிக்கொண்டே இருப்பார். உருட்டுவதை நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாக வழிந்துவிடும். வலக்கையில் தண்ணீரில் நனைத்து மடித்த பத்திரிகைத் தாள். அதை வைத்துத்தான் சிவந்த உருண்டையைத் தடவுவார். தாள் கருகி, சோளம் சுட்டது போல ஒரு மணம் வரும். குழலின் மறுநுனியில், தரையோடு ஒட்டிய ஒரு முக்காலியில் ராத்தா. அவள் இருக்கும் இடத்திலிருந்து கண்ணாடி சரியாகத் தெரியாது. மச்சானின் முழங்கைதான் தெரியும்.

தொடக்கத்தில் அவர் வாய்விட்டுச் சொல்வார், எப்போது ஊத வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று. ஸஹீதா நடக்கத் தொடங்கிய காலத்தில் அந்தச் சொற்கள் நின்றுவிட்டன. அவர் நினைப்பார், முழங்கை கொஞ்சம் அசையும், அவள் ஊதுவாள், கண்ணாடி பருக்கும். காலையில் தொடங்கினால் லுஹர் தொழுகை வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். வாவியின் பளபளப்பு தகரத்தின் அடியில் ஆடிக்கொண்டிருக்கும். உலை உறுமிக்கொண்டிருக்கும். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்து கண் சொருகிப்போய், சட்டையின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்த நாட்களும் எனக்கு உண்டு. அந்த இடத்தில் அப்படியொரு மயக்கம் இருந்தது.

ராத்தா தன் கையால் ஒரு சாமானும் வடித்ததில்லை. வந்து வாங்குகிறவர்கள் மச்சானைத்தான் புகழ்வார்கள். உன்னிச்சையிலிருந்து தேன் போத்தல் எடுக்க வருகிறவர்கள், ஹோட்டலுக்கு லாம்புக் கூடு எடுக்க வருகிறவர்கள், எல்லாரும் அவர் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒருமுறை கேட்டேவிட்டேன், உனக்கு ஒன்றும் தோன்றாதா என்று. அவள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சாடியைக் காட்டி, "உள்ளுக்கு இரிக்கிறது நான்தானே புள்ள" என்றாள். சாடி வெறுமையாக இருந்தது.

போன வருஷம் மாரி தொடங்குகிற நேரம், ஒரு பின்னேரம், மச்சான் ஒரு சிமினியை முடித்து ஆறல் அடுப்புக்குள் வைத்தார். செய்த சாமானை மெல்ல மெல்ல ஆறவிடுகிற அடுப்பு அது. வைத்துவிட்டு வாங்கிலேயே சாய்ந்து கண்ணை மூடினார். களைப்பு என்று நினைத்து ராத்தா தேத்தண்ணி போடப் போனாள். கோப்பையோடு திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் ராத்தாவைச் சுற்றியிருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவள் திடீரென்று தலையை நிமிர்த்தி, உலைக்கு எண்ணெய் விட்டாச்சா என்று கேட்டாள். ஓதல் ஒரு கணம் நின்றது. ஒருத்தி மற்றவளின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். மாப்பிள்ளை மௌத்தான வீட்டில் ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது என்றுதான் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓத வந்தவர்கள் ஓதுங்கள், கதைக்க வந்தவர்கள் எழும்பிப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் அயலிலிருந்துதான் சோறு வந்தது. குசினி இருண்டு கிடந்தது. உலை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. றிஸான் கபுறடியிலிருந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு எண்ணெய் விட்டான்.

அன்றிலிருந்து ராத்தா இத்தாவில் இருந்தாள். மாப்பிள்ளையை இழந்தவள் நாலு மாசமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெள்ளைச் சீலை, தொழுகைப் பாய், ஒரு தஸ்பீஹ் மாலை. பட்டறைக்கு ஆண்கள் வந்து போவதால் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. கொட்டிலை ஒட்டிய அறைதான் அவளுடையது. ஜன்னலுக்குத் தடித்த சீலை தொங்கவிட்டிருந்தோம். அறைக்கும் கொட்டிலுக்கும் நடுவே பழைய பலகை அடைப்பு. அதன் இடுக்குகளால் உலையின் வெளிச்சம் கோடு கோடாக வந்து எதிர்ச் சுவரில் விழும். யாராவது உலையின் வாயைத் திறந்தால் கோடுகள் மஞ்சளாகும். மூடினால் செம்மண் நிறத்துக்குப் போகும். நான் தைக்க வேண்டியவற்றைத் தூக்கிக்கொண்டு போய் அவளோடு இருப்பேன். பொத்தான் கட்டுவதற்கு அந்த வெளிச்சமே போதும்.

அந்த அறைக்குள் காலம் வேறு மாதிரிப் போனது. வெளியே மழை பெய்து, விட்டு, மறுபடி பெய்தது. நாங்கள் பாதி தூக்கத்திலும் பாதி பேச்சிலும் கிடந்தோம். ராத்தா கண்ட கனவுகளையெல்லாம் என்னிடம் சொல்வாள். ஒன்றில் வாவி முழுக்க உருகிய கண்ணாடியாம். ஆனால் சுடவில்லையாம். அவள் முழங்கால் அளவில் இறங்கி நடக்கிறாளாம். பனிச்சங்கேணிப் பக்கத்துத் தோணிகள் அதன் மேல் சத்தமில்லாமல் வழுக்கிப் போகின்றனவாம். தூரத்தில் மச்சான் குந்தியிருந்து, நனைந்த பத்திரிகைத் தாளால் வாவியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாராம். அவரைக் கூப்பிட மூச்சை எடுத்தாளாம். அதற்குள் சுபஹுக்குப் பாங்கு கேட்டதாம்.

கூப்பிட்டு என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்து, "நனையாம எழும்பி வாங்க, தொய்வு வரும் எண்டு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

மௌத்தானவருக்கான கத்தம் ஓதி முடித்த கையோடு, ஸஹீதா தகப்பனின் வாங்கில் ஏறி இருந்தாள். மச்சான் மௌத்தாவதற்கு முன்பே ஹோட்டல்காரர்கள் சொல்லி வைத்திருந்த லாம்புக் கூடுகள் பாக்கி இருந்தன. எந்நேரமும் தகப்பனின் பக்கத்திலேயே கிடந்த பிள்ளை, வேலை கைக்கு வந்திருந்தது. தொய்வும் வந்திருந்தது. அதையும் அவரிடமிருந்துதான் எடுத்திருந்தாள். ஊதுவதற்கு றிஸான் இருந்தான். அவன் வாழ்நாளெல்லாம் டயருக்குக் காற்றடித்தவன். அவன் ஊதிய முதல் கூடு ஒரு பக்கம் மட்டும் வீங்கி, பல்வலிக்காரனின் கன்னம் மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

ராத்தா அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் காதாலேயே பார்த்தாள். பலகைக்கு அப்பால் குழல் சட்டத்தில் உருளும் சத்தத்தை வைத்தே, கண்ணாடி கூடச் சூடு, கொஞ்சம் ஆறட்டும், இப்போது சரி என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். சரி என்று சொல்லும்போது அவள் நெஞ்சு நிறைந்து எழும்பும். வெளியே எங்கேயும் போகாத அந்த மூச்சை மெல்ல மூக்கால் விடுவாள். அவள் அப்படிச் செய்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் புதுச் சத்தம் ஒன்று கேட்டது. புஸ், புஸ் என்று. கோடுகள் மஞ்சளாகிச் சிவந்தன. மறுபடி புஸ். அது என்னவென்று ராத்தா கேட்டாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். றிஸான் கடையிலிருந்து ஒரு கால் பம்பைக் கொண்டுவந்து, ரப்பர் குழாயைக் குழலின் வாயில் பொருத்தியிருந்தான். குழல் உருளும்போது குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுழலும் மூட்டு ஒன்றும் போட்டிருந்தான். ஸஹீதா உருட்டிக்கொண்டே தன் காலால் மிதிக்கிறாள். கண்ணாடி பருக்கிறது. வடிவாகத்தான் பருக்கிறது. பொய் சொல்லக் கூடாது.

வந்து சொன்னேன். ராத்தா, டயருக்கு அடிக்கிற காற்றா என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். உயிருள்ள மனுஷி ஒருத்தி ஒரு பம்பின் மேல் பொறாமைப்பட்டதை நான் அன்றுதான் கண்டேன். சிரித்திருப்பேன், அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

இரண்டொரு நாள் கழித்து, அடைப்புக்கு அப்பால் தரையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. முக்காலி. பம்புக்கு இடம் போதாதென்று அதை எடுத்துக் கிணற்றடியில் போட்டார்கள். ராத்தாவின் விரல்களில் தஸ்பீஹ் நின்றுவிட்டது. வெளிச்சக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தா முடிஞ்சி வெளிய வந்தா, நான் எங்ககா இரிக்கிற?" என்று கேட்டாள்.

வீடு அவளுடையது. வளவு அவளுடையது. கிணறு, தென்னை, குசினி எல்லாம் அவள் பேரில் உம்மா எழுதித் தந்தது. இருக்க இடமில்லாதவள் இல்லை. ஆனால் அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. நெருப்பின் முன்னால், குழலின் அந்த நுனியில் இருந்தவரைக்கும்தான் அவள் நபீஸா. அந்த இடம் போய்விட்டால், வெள்ளைச் சீலையை மாற்றினாலும் மிச்சக் காலம் முழுக்க அவள் அந்த அறைக்குள்தான் இருக்கப் போகிறாள்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த நீளத்தை இதற்கும் பயன்படுத்தாவிட்டால் பிறகெதற்கு? றிஸான் லுஹர் தொழப் போகும் வரை பார்த்திருந்து கொட்டிலுக்குள் போனேன். ஸஹீதா தனியே இருந்து குழல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பம்பைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஊதுகிற சங்கை ஊதினேன். உன்னைப் பெற்றவளின் மூச்சு உனக்கு உதவாமல் போய்விட்டதா, ரப்பர் குழாயா உனக்கு உம்மா, தகப்பன் இருந்தால் இந்த வேலை நடக்குமா என்று. தகப்பனை இழுத்திருக்கத் தேவையில்லை. வாயில் வந்துவிட்டது.

ஸஹீதா குழலைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பாவம், முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்தே, "பம்புக்கு நான் ஏசலாம் சாச்சி. உம்மாவுக்கு ஏசேலுமா?" என்றாள்.

பிறகு அவள் சொன்னது இதுதான். இந்த வேலையில் கண் இமைக்கிற நேரம் பிந்தினாலும் சாமான் போய்விடும். அந்த நேரத்தில் வாயில் என்ன வரும் என்று தெரியாது. றிஸானை ஏசி ஏசி, அவன் ஒரு நாள் சோறு தின்னாமல் கடைக்குப் போயிருக்கிறான். உம்மாவின் மூச்சோ வாப்பாவின் கைக்கென்றே பழகியது. தன்னுடைய கை வாப்பாவின் கை இல்லை, ஒரு நொடி பிந்தித்தான் வரும். உம்மா வந்து இருந்தால் ஒவ்வொரு முறையும் முந்தி ஊதிவிடுவார். ஒவ்வொரு முறையும் உம்மா, நீங்கள் பிழை என்று தான் சொல்ல வேண்டிவரும். மாப்பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவளிடம், அவர் இருந்த அதே வாங்கில் இருந்துகொண்டு அதைச் சொல்லும் தைரியம் தனக்கில்லை என்றாள். உம்மா வீட்டில் ராசாத்தி மாதிரி இருக்கட்டும், சோறு ஆக்கக்கூட விடமாட்டேன் என்றாள்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். மூச்சும் வேறுதான் போல. நான் பதில் தெரியாமல் நின்றது என் வயதுக்கு அதுதான் முதல் தடவை என்று என் மாப்பிள்ளை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். தள்ளிய பம்பை நானே நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

என் வயிற்றில் எதுவும் தங்காது. அன்று பின்னேரமே ராத்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் படுத்தபடியே கேட்டாள். முடித்ததும், அந்தப் பிள்ளை சாப்பிட்டாளா என்று மட்டும் விசாரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கினாளா, விழித்திருந்தாளா என்று எனக்குத் தெரியாது. சுவரில் கோடுகள் மஞ்சளாவதும் சிவப்பதுமாக இருந்தன. புஸ், புஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மழை ஓய்ந்தது. வாவி வற்றிக் கரையில் சேறு வெடித்தது. ராத்தாவும் நானும் அந்த அறைக்குள் அரிசி புடைத்தோம், பழைய சீலைகளைக் கிழித்துத் தலையணை உறை தைத்தோம், பேசியதையே பேசினோம். பட்டறையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பலகைக்கு அப்பால் சத்தம் கேட்டால் நெஞ்சு நிறைந்து எழும்புகிறதா என்று பார்ப்பேன். எழும்பாது. அவள் மூச்சை அடக்கி வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. எனக்குப் பயமாக இருந்தது.

இத்தா முடிந்த அன்று காலையில் அவள் தலைக்குக் குளித்தாள். நான் எடுத்து வைத்திருந்த இளம்பச்சைச் சீலையை உடுத்திக்கொண்டாள். சொந்தக்காரப் பெண்கள் வந்து துஆ ஓதி, சாப்பிட்டு, ஆளுக்கொரு புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். இனி ஓய்வாக இரு, பேரப்பிள்ளையைப் பார்க்கிற வயது என்றார்கள். ஸஹீதாவுக்கு இன்னும் பிள்ளையே இல்லை. ராத்தா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

கடைசி ஆளும் கேற்றைத் தாண்டியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். கிணற்றடியில் அந்த முக்காலி பாசி பிடித்துக் கிடந்தது. அதைத் தூக்கிக் கழுவினாள். சீலைத் தலைப்பால் துடைத்தாள். கொட்டிலுக்குள் கொண்டுபோய், பம்பை ஓரமாக நகர்த்திவிட்டு, பழைய இடத்திலேயே போட்டு இருந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

ஸஹீதா றிஸானைப் பார்த்தாள். றிஸான் என்னைப் பார்த்தான். நான் தகரத்தைப் பார்த்தேன். கடைசியில் அவனே குனிந்து குழலின் வாயிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றினான்.

ஸஹீதா உலையின் வாயைத் திறந்தாள். வெளிச்சம் எல்லார் மேலும் விழுந்தது. கண்ணாடியைச் சுற்றி எடுத்து வந்து, வாங்கில் இருந்து, உருட்டத் தொடங்கினாள். நனைந்த தாளால் ஒரு தடவு தடவினாள். ராத்தா முன்னால் சரிந்து குழலில் உதட்டை வைத்தாள். அவள் கண் மகளின் முழங்கையில் இருந்தது. முழங்கை கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான். ராத்தா ஊதிவிட்டாள்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. முகத்தைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அந்த அசைவுக்கு ஊதியவள் ஊதினாள். கண்ணாடி அப்போது கூடச் சூட்டில் இளகிப்போய் இருந்தது. மாசக்கணக்கில் அடக்கி வைத்த மூச்சும் அதற்குள் போனது. உருண்டை பலூன் மாதிரி பெரிதாகி, மெலிந்து, மெலிந்து, சத்தமே இல்லாமல் வெடித்தது. தாளை விட மெல்லிய கண்ணாடிச் செதில்கள் கொட்டில் முழுக்கப் பறந்தன. பின்னேர வெயில் பட்டு நீலமும் ரோசாவுமாக மினுங்கின. கீழே விழ அவற்றுக்கு மனமில்லை போல அந்தரத்திலேயே நின்று நின்று இறங்கின. மூச்சோடு உள்ளே போய்விடாமல் சீலையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ராத்தாவின் தலையில், ஸஹீதாவின் தோளில், பம்பின் மேல் எல்லாம் விழுந்தன. என் வாழ்நாளில் அதைப் போல வடிவான ஒன்றை நான் கண்டதில்லை.

"சொல்ல முந்தி ஏன் ஊதின?" என்று ஸஹீதா கத்தினாள். "நான் சொன்னனா? ஊதச் சொல்லி நான் சொன்னனா?"

றிஸான் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸஹீதாவின் முகத்தில் இரத்தமே இல்லை. சொன்ன வாய் திறந்தபடி நின்றது. உருட்டிக்கொண்டிருந்த கையும் நின்றுவிட்டது. குழலில் மிஞ்சியிருந்த கண்ணாடி தேன் மாதிரி நீண்டு தரைக்கு வழிந்தது.

ராத்தா முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். தலையில் கிடந்த செதில்களைத் தட்டிவிட்டாள்.

"உருட்டுறத நிப்பாட்டிப்போட்டு என்ன பார்வ? எல்லாம் வழியிது பார்" என்றாள். "ஏசினா ஏசினதுதான். இன்னொருக்கா எடு புள்ள."

ஸஹீதா எழும்பினாள். மறுபடி உலையைத் திறந்து, மறுபடி சுற்றி எடுத்து வந்து இருந்தாள். உருட்டினாள். தடவினாள். முழங்கை அசைந்தது. ராத்தா குழலை உதட்டில் வைத்தபடி ஊதாமல் இருந்தாள். முழங்கையை விட்டுவிட்டு, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஊதுங்க" என்றாள் ஸஹீதா.

ராத்தா ஊதினாள்.

"மெல்ல. மெல்லண்டு சொன்னன் உம்மா, காது கேக்கல்லயா?"

ராத்தாவின் கன்னங்கள் இரண்டும் நிறைந்திருந்தன. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி, கன்னத்தில் இறங்கி, குழலின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு மட்டும் ஆடவில்லை. வாங்கின் அந்தப் பக்கத்தில் கண்ணாடி மெல்ல மெல்லப் பருத்துக்கொண்டு வந்தது.